விரல் ரேகையும் நியாய ஸ்தலமும்

எழுத்தறியாத ஒருவர் பத்திரம் பதியும் கச்சேரியில் தமது பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் ஒற்றுவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். அதனைக் கைநாட்டு என்று கூறிச் சற்றே ஏளனமாய் நோக்குவாரும் உளர். ஆயினும், கையெழுத்தைப் பார்த்துப் பழகி அதுபோலவே மற்றொருவன் எழுதிவிடலாம். அந்த மைக்கறையிலுள்ள ரேகைகளை மற்றொருவன் தன் விரலில் வரைந்துகொள்ள இயலாது. கல்லாதவரின் அடையாளம் என்று நாம் எண்ணிய அக்கறையே, விஞ்ஞானம் நியாய ஸ்தலத்துள் நுழைந்த வாயில்களுள் ஒன்றாயிற்று. விஞ்ஞானத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் பெரிய வினாவை, இச்சிறிய ரேகையைத் துணையாகக் கொண்டே இக்கட்டுரையில் ஆராயப் புகுகிறோம்.

விஞ்ஞானம் ஐயத்துக்கு இடமில்லாத உண்மையைத் தருவது. சட்டமோ வாதப் பிரதிவாதங்களில் உழல்வது. ஆதலின் விஞ்ஞானி பேசி முடித்தபின் நீதிபதி அதனை அப்படியே தீர்ப்பாக எழுதிவிடுவதே முறை என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் விஞ்ஞானத்தின் இயல்பையும் அறியாதது, சட்டத்தின் கடமையையும் அறியாதது என்பதே நாம் கூற விரும்புவது. இதற்கு வரலாறே சான்றாகும்.

நம் விரல் நுனிகளிலுள்ள மேடு பள்ளங்கள், நாம் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. உடல் வளருங்கால் அவை பெரிதாகுமேயன்றி, அமைப்பில் மாறுவதில்லை. தோல் சிறிது உரிந்தாலும் பழைய வடிவமே மீண்டும் தோன்றும். ஒரே கருவினின்று பிறந்த இரட்டையருக்கும் ரேகை வேறுபடும். இவற்றைச் சர்க்கார் காரியத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் வங்காளத்தில் உத்தியோகம் வகித்த வில்லியம் ஹெர்ஷெல் என்பவர். 1858-ஆம் ஆண்டில் ஜங்கிப்பூரில் சாலைக்குக் கப்பி கொடுக்க இசைந்த ஒருவர், பின்னர் ஒப்பந்தத்தை மறுத்துவிடாதிருக்கும் பொருட்டு, அவருடைய உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தப் பத்திரத்தின் பின்புறத்தில் பதியச் செய்தார். 1877-இல் ஹுக்ளி ஜில்லாவில் மாஜிஸ்டிரேட்டாயிருந்தபோது, பத்திரப் பதிவிலும் உபகாரச் சம்பளம் வழங்குவதிலும் சிறைச்சாலையிலும் விரல் ரேகையைப் பயன்படுத்தினார்.

ஏறக்குறைய அக்காலத்திலேயே ஜப்பான் தேசத்தில் டோக்கியோ நகரில், ஸ்காத்லாந்து மிஷனைச் சார்ந்த வைத்தியராகிய ஹென்றி பால்ட்ஸ் என்பவரும் இதனை ஆராய்ந்துகொண்டிருந்தார். மிஷன் கல்லூரியினராகிய நாம் இவரைச் சிறிது நின்று நோக்குதல் தகும். பூமியினின்று தோண்டி எடுக்கப்பட்ட பழைய மட்பாண்டங்களில், அவற்றை வனைந்தவர்களின் விரற் குறிகள் பதிந்திருத்தலைக் கண்டு இவருக்கு இவ்வாராய்ச்சியில் ஆர்வம் பிறந்தது. 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் இவர் எழுதிய கடிதம் வெளிவந்தது. குற்றம் நிகழ்ந்த இடத்தில் காணும் விரற் குறியால் குற்றவாளியைக் கண்டுபிடித்தல் கூடும் என்று அதில் கூறினார். வெண்சுவர் ஒன்றில் ஏறியவன் பதித்துச் சென்ற கரிபடிந்த விரற்குறிகள், சந்தேகிக்கப்பட்ட மனிதனுடைய ரேகையோடு ஒவ்வாமையால் அவன் குற்றமற்றவன் என்பதற்குச் சான்றாயின என்பதும் அவர் குறித்த செய்தி. ஒருவனைச் சிக்க வைப்பதற்கு மட்டுமன்றி, ஒருவனை விடுவிப்பதற்கும் இக்கலை ஆரம்பத்திலேயே உதவிற்று என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

இங்கிலாந்திற் பிரான்சிஸ் கால்டன் 1892-இல் விரல் ரேகையைப் பற்றிப் பெரியதோர் நூல் வெளியிட்டார். இருவருடைய ஒரே விரலின் ரேகை முற்றும் ஒத்திருத்தல் 6,400 கோடியில் ஒன்றே என்று அவர் கணக்கிட்டார். ஆனால் ரேகை தனித்தன்மை உடையது என்று அறிந்தமட்டில் காவல் இலாகாவுக்குப் பயனில்லை. ஆயிரக்கணக்கான தாள்களில் வேண்டிய தாளை உடனே எடுத்தற்கு ஒரு வழி வேண்டும். அவ்வழியை வகுத்த பெருமை கல்கத்தாவில் இரண்டு இந்தியர்க்கு உரியது. வங்காளப் போலீஸ் தலைவராயிருந்த எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணிபுரிந்த அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்பாரே அவ்விருவர். ஹக் என்பவர் கல்கத்தாப் பிரஸிடென்ஸி கல்லூரியிற் கணிதம் பயின்றவர்.

அம்முறை வருமாறு. பத்து விரல்களையும் ஐந்து இணைகளாகப் பிரித்துக்கொள்வர். நம் பாட்டிமார் விரலைப் பார்த்துச் சக்கரம் என்று சொல்லும் சுழி, முதல் இணையில் இருந்தால் 16 என்றும், அடுத்தடுத்த இணைகளில் இருந்தால் 8, 4, 2, 1 என்றும் மதிப்புக் கொடுப்பர். சக்கரம் இல்லாத விரலுக்கு மதிப்பு இல்லை. ஒவ்வோர் இணையிலும் ஒரு விரலை மேலும் மற்றொன்றைக் கீழுமாக வைத்துக் கூட்டி, ஒவ்வொரு தொகையுடனும் ஒன்றைச் சேர்த்தால், மேலே 1 முதல் 32 வரையிலும் கீழே 1 முதல் 32 வரையிலும் யாதேனும் ஓர் எண் வரும். முப்பத்திரண்டை முப்பத்திரண்டாற் பெருக்க 1,024 அறைகள் ஆகின்றன. எவருடைய தாளும் இவ்வறைகளுள் ஒன்றில் அடங்கும். தேடுவோர் அந்த ஓர் அறையை மட்டும் நோக்கினாற் போதும். இம்முறையைக் கொண்டு கல்கத்தாவில் 1897-இல் விரல் ரேகை நிலையம் தொடங்கிற்று. முறைக்கு ஹென்றியின் பெயரே வழங்கலாயிற்று எனினும், அதன் கணிதத்தில் ஹக், போஸ் ஆகியோருக்கிருந்த பங்கு இன்று அறிஞரால் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது.

இனி, விஞ்ஞானமும் சட்டமும் நேருக்கு நேர் நின்ற ஒரு வழக்கைக் காண்போம். வங்காளத்தின் வடகோடியில் ஜல்பைகுரி ஜில்லாவில் தேயிலைத் தோட்டத்து மேனேஜர் ஒருவர் தம் படுக்கையிற் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டி உடைபட்டுப் பணம் களவு போயிருந்தது. பெட்டியிலிருந்த வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்றின் மேல் பழுப்பு நிறமான இரண்டு மங்கிய கறைகள் காணப்பட்டன. பூதக் கண்ணாடியால் நோக்கியபோது அவற்றுள் ஒன்று வலக்கை விரற் குறி என்பது புலனாயிற்று. கல்கத்தா நிலையத்துத் தாள்களோடு ஒப்பிட, அது அம்மேனேஜரிடம் முன்பு வேலை செய்து, திருட்டுக் குற்றத்துக்காகத் தண்டனை அடைந்த ஒருவனுடைய வலப் பெருவிரல் ரேகையோடு ஒத்திருந்தது. கறை பாலூட்டும் பிராணியின் இரத்தம் என்று ரசாயனப் பரிசோதகர் சான்றளித்தார். பறவையின் சிவப்பணு நீள்வட்டமாய் உட்கரு உடையது. நம் போன்ற பாலூட்டிகளின் சிவப்பணுவில் உட்கரு இல்லை. ஆதலின் நுண்பெருக்கியால் இவ்வேறுபாட்டை அறியலாம். இத்தகைய ரசாயனப் பரிசோதகர் நிலையம் சென்னையில் 1849-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டிருந்தது என்பதும் ஈண்டு நினைவு கூரத்தக்கது.

1898-இல் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதியும், அவருடன் அமர்ந்து அபிப்பிராயம் கூறும் அஸெஸர்களும் என்ன முடிவு செய்தனர்? விரல் ரேகை அவனுடையதே என்று ஏற்றுக்கொண்டனர். ஆகவே கொலையுண்டவரின் பெட்டியிலுள்ள பொருள்களை அவன் தொட்டான் என்பது உறுதியாயிற்று. களவுக்குத் தண்டனை விதித்தனர். ஆனால் அவன் கொன்றதைக் கண்டார் எவரும் இல்லாமையால், கொலைக் குற்றத்தை அவன் மேற் சுமத்துதல் பாதுகாப்பன்று என்று கூறி, அக்குற்றத்தினின்று விடுவித்தனர்.

இதனைக் கேட்டுச் சிலர் வியப்புறலாம். சிலர் சினமும் கொள்ளலாம். இரத்தக் கறை படிந்த விரலைக் கண்டும் கொலையாளி அல்லன் என்பதா என்று வினவலாம். எனினும் அவர்கள் செய்த பாகுபாடு மிக நுண்ணியது. 'இந்த ரேகை யாருடையது?' என்பது விஞ்ஞானத்தின் வினா. 'இம்மனிதன் எக்குற்றத்தைச் செய்தான்?' என்பது சட்டத்தின் வினா. முதலாவதற்கு விடை கிடைத்தவுடன் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டது என்று எண்ணுதல் பிழை. உடன் வந்த வேறொருவன் கொன்றிருத்தலும் கூடும் அன்றோ? விஞ்ஞானம் விடையளித்த அளவுக்கு ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் ஓர் அடியும் செல்லாது நின்றது அந்நியாய ஸ்தலம்.

இந்நெறி நம் தேசத்துச் சட்டத்திலேயே அமைந்துள்ளது. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, நிபுணருடைய அபிப்பிராயத்தை நியாய ஸ்தலம் கேட்கலாம் என்று விதித்தது. 1899-இல் அப்பிரிவில் விரல் ரேகையும் சேர்க்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தொட்டு வழக்கில் வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் 39-ஆம் பிரிவாக இவ்விதி நிலைபெற்றுள்ளது. இதில் உன்னிக்கத்தக்க சொல் 'அபிப்பிராயம்' என்பதே. நிபுணர் ஒரு சாட்சி, நீதிபதி அல்லர். அவரையும் குறுக்கு விசாரணை செய்யலாம். அவர் எவ்வாறு அம்முடிவுக்கு வந்தார் என்று காரணம் கேட்கலாம். காரணம் போதாதாயின் அவர் கூற்றைத் தள்ளிவிடவும் செய்யலாம்.

ஆயினும் கால கதியில் இவ்வெச்சரிக்கை தளர்ந்தது. 1905-ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த டெப்ட்போர்டில் ஒரு கடைக்காரரும் அவர் மனைவியும் கொலையுண்டனர். பணப்பெட்டியிற் காணப்பட்ட ஒரு பெருவிரற் குறி, ஸ்ட்ராட்டன் சகோதரர் இருவருள் ஒருவருடையதோடு ஒத்திருந்தது. வேறு சாட்சியங்களும் இருந்தன. சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். இங்கிலாந்தில் விரல் ரேகை கொலை வழக்கில் வெற்றி பெற்றது அப்போதுதான். அவ்வழக்கில், இக்கலையின் முன்னோடியாகிய டாக்டர் பால்ட்ஸ் எப்பக்கம் நின்றார்? எதிரிகளின் பக்கமே நின்றார். பத்து விரல்களின் ரேகையும் ஒத்தால் ஐயமில்லை. ஆனால் அவசரத்தில் தேய்ந்து பதிந்த ஒரே ஒரு விரலின் குறியை மட்டும் நம்பி ஓர் உயிரைப் போக்குதற்கு வேண்டிய ஆராய்ச்சி இன்னும் செய்யப்படவில்லை என்பது அவர் கொள்கை. தாம் பெற்ற குழந்தையின் குறையைத் தாமே எடுத்துரைத்த தந்தையைப் போன்றார் அவர். அவர் சொல் அக்காலத்தில் எடுபடவில்லை. விரல் ரேகை ஒருபோதும் பிழையாது என்னும் கொள்கை ஏறக்குறைய நூறாண்டு காலம் நியாய ஸ்தலங்களில் ஆட்சி செலுத்திற்று.

அந்த ஆட்சி 2004-ஆம் ஆண்டில் ஆட்டங்கண்டது. அவ்வாண்டு மார்ச் மாதம் 11-ஆம் தேதி ஸ்பெயின் தேசத்தின் தலைநகராகிய மாட்ரிட்டில் ரயில் வண்டிகளில் வெடிகள் வைக்கப்பட்டு நூற்றுத் தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். வெடிமருந்துக் கருவிகள் இருந்த ஒரு பையின் மேல் விரற்குறி அகப்பட்டது. அதன் பிரதி அமெரிக்க ஐக்கிய நாட்டுத் துப்பறியும் இலாகாவுக்கு அனுப்பப்பட்டது. அங்குள்ள கணிப்பொறி கோடிக்கணக்கான ரேகைகளைத் தேடி, ஒத்திருக்கக்கூடிய இருபது பேரைக் காட்டிற்று. நிபுணர் ஒருவர் அவருள் ஒருவரைத் தேர்ந்தார். வேறிரண்டு நிபுணர்கள் அதனை உறுதி செய்தனர். நியாய ஸ்தலம் நியமித்த தனி நிபுணரும் அவ்வாறே கூறினார். குறிக்கப்பட்டவரோ ஆரிகன் மாகாணத்தில் வாழ்ந்த ஒரு வழக்கறிஞர். இஸ்லாம் மதத்தைத் தழுவியவர். ஸ்பெயின் போலீசார் ரேகை ஒவ்வவில்லை என்று முன்னரே தெரிவித்திருந்தும், அவர் மே மாதம் 6-ஆம் தேதி சிறை செய்யப்பட்டார். இரண்டு வாரம் சென்றபின், அக்குறி அல்ஜீரியா தேசத்தார் ஒருவருடையது என்று ஸ்பெயின் போலீசார் கண்டறிந்தனர். வழக்கறிஞர் விடுதலையானார். இலாகா மன்னிப்புக் கேட்டது. 2006-இல் இருபது லட்சம் டாலர் நஷ்ட ஈடாக வழங்கப்பட்டது.

நால்வர் நிபுணர், நால்வரும் பிழைத்தனர். எவ்வாறு? பின்னர் நடந்த விசாரணையில் காரணங்கள் வெளியாயின. முதலாவது, ரேகைகளின் தொகை பெருகப் பெருக, ஒன்றையொன்று மிகவும் ஒத்த இருவர் அகப்படுதலும் எளிதாகும். பல ஆயிரம் தாள்களிடையே தேடுவது வேறு, பல கோடியிடையே தேடுவது வேறு. இரண்டாவது, முதலில் ஒத்த புள்ளிகளைக் கண்டபின், அவ்வழக்கறிஞரின் தெளிவான ரேகையை நோக்கி, அதில் இருப்பவற்றை மங்கிய குறியிலும் இருப்பனவாகக் கற்பித்துக்கொண்டனர். மூன்றாவது, முதல் நிபுணர் முடிவு கூறிவிட்டார் என்று அறிந்தே மற்றவர் சோதித்தனர். ரேகை ஒத்தது என்று முதலில் முடிவு செய்தபோது அவர் மதத்தை அவர்கள் அறியார்; ஆனால் பின்னர் ஐயம் எழுப்பப்பட்டபோது அதனை மீண்டும் நன்கு ஆராயாமைக்கு அவருடைய மதமும் ஒரு காரணமாயிருத்தல் கூடும் என்று அவ்விசாரணை கூறிற்று. ரேகை பொய் சொல்லவில்லை. ரேகையைப் படித்த மனிதரே தவறினர்.

இதன்பின் விஞ்ஞானம் தன்னைத் தானே சோதித்துக்கொண்டது. அதுவே அதன் பெருமை. 2009-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில், குற்ற ஆராய்ச்சிக் கலைகளுட் பலவற்றின் அடிப்படை போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்று அறிக்கை வெளியிட்டது. 2011-இல் 169 விரல் ரேகை நிபுணர்களை வைத்து ஒரு பரீக்ஷை நடத்திய முடிவு வெளியாயிற்று. வேறுவேறு மனிதருடைய ரேகைகளை ஒன்றே என்று கூறிய பிழை நூற்றுக்கு 0.1, அதாவது ஆயிரத்தில் ஒன்று. ஒரே மனிதருடைய ரேகைகளை வேறு என்று கூறிய பிழை நூற்றுக்கு 7.5. இவ்வெண்களைக் கண்டு விரல் ரேகை பயனற்றது என்று கருதுதல் கூடாது. ஆயிரத்தில் ஒன்றே தவறும் சாட்சி மிக நல்ல சாட்சி. ஆனால் 'தவறவே தவறாது' என்பதற்கும், 'ஆயிரத்தில் ஒருகால் தவறும்' என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை, அந்த ஒருவனாகக் கூண்டில் நிற்பவனே அறிவான்.

ஆகவே நியாய ஸ்தலம் விஞ்ஞானத்தினிடம் கேட்க வேண்டுவன யாவை? அமெரிக்க உச்ச நியாய ஸ்தலம் 1993-இல் டாபர்ட் என்பார் வழக்கில் சில உரைகற்களை எடுத்துக் கூறிற்று. இக்கொள்கை சோதித்துப் பார்க்கக்கூடியதா? சோதிக்கப்பட்டதா? மற்ற அறிஞரின் பார்வைக்கு உட்பட்டு வெளியிடப்பட்டதா? இதன் பிழை விகிதம் எவ்வளவு? இதனைச் செய்தற்கு வரையறுத்த முறைகள் உண்டா? துறை அறிஞர் இதனை ஏற்கின்றனரா? இவற்றைக் கேட்பதற்கு நீதிபதி விஞ்ஞானியாக இருக்க வேண்டுவதில்லை. 'நீர் யார்?' என்று கேட்பதோடு நில்லாது, 'நீர் எவ்வாறு அறிந்தீர்?' என்று கேட்கத் தெரிந்தாற் போதும்.

சட்டத்துக்கு மற்றொரு கேள்வியும் உண்டு. அது விஞ்ஞானத்துக்கு இல்லாதது. உண்மை கிடைக்கும் என்பதற்காக எவ்வழியிலும் அதனைப் பெறலாமா என்பதே அக்கேள்வி. தனக்கெதிராகத் தானே சாட்சியாகுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது நம் அரசியல் அமைப்பின் 20-ஆம் விதி. விரல் ரேகை கொடுக்கச் செய்வது இதற்கு மாறாகாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1961-இல் தீர்ப்பளித்தது. ஏனெனில் ரேகை ஒருவன் நினைத்தாலும் மாறாத உடற்குறி, அவன் மனத்தினுள் உள்ள அறிவு அன்று. ஆனால் 2010-இல் செல்வி என்பார் வழக்கில், மயக்க மருந்து கொடுத்துப் பேச வைத்தலையும், பொய் காட்டும் கருவியாலும் மூளையின் மின் அலைகளாலும் சோதித்தலையும் ஒருவருடைய சம்மதமின்றிச் செய்தல் கூடாது என்று அந்நீதிமன்றமே கூறிற்று. விரலின் வாயிலில் சட்டம் விஞ்ஞானத்தை உள்ளே விட்டது. மனத்தின் வாயிலில் தடுத்து நிறுத்தியது.

முடிவாகக் கூறுமிடத்து, விஞ்ஞானம் காத்திருக்க வல்லது. இன்றைய கொள்கை பிழையென்று நாளை தெரிந்தால் அதனை மாற்றிக்கொள்ளும். அதனால் அதற்கு இழுக்கில்லை. சட்டமோ ஒரு நாளில், ஒரு மனிதனைப் பற்றி, ஒரு முடிவைக் கூறியாக வேண்டும். ஸ்ட்ராட்டன் சகோதரர்க்கு நேர்ந்ததுபோல அம்முடிவு சிற்சில வேளைகளில் மாற்ற முடியாததாகவும் ஆகிவிடும். திருத்திக்கொள்ளக்கூடிய அறிவைக் கொண்டு திருத்தவொண்ணாத செயலைச் செய்யவேண்டியிருப்பதே இவ்விரண்டும் கூடுமிடத்துள்ள பெருஞ் சங்கடம். ஆதலாற்றான் சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்தலும், அப்பீலும், மறு விசாரணையும் வேண்டப்படுகின்றன. இவை சட்டத்தின் பலவீனங்கள் அல்ல. விஞ்ஞானத்தினிடம் அது கற்றுக்கொண்ட பணிவின் அடையாளங்கள் என்றே கொள்ளத்தக்கன.

நம் கல்லூரியிற் பயில்வோருள் சிலர் பரிசோதனைச் சாலைக்கும், சிலர் நியாய ஸ்தலத்துக்கும் செல்லுதல் உறுதி. முன்னவர் தமது அறிவின் எல்லையை மறையாது கூறவும், பின்னவர் அவ்வெல்லையை அஞ்சாது வினவவும் பழகுவாராக. நிபுணர் 'நிச்சயம்' என்று சொல்லும் இடத்தில் 'எத்துணை நிச்சயம்?' என்று ஒருவர் கேட்பின், அதனை விஞ்ஞானத்துக்குச் செய்யும் அவமதிப்பாக எவரும் கருதற்க. டோக்கியோவில் ஒருவன் விடுதலை பெற்றதும், ஆரிகனில் ஒருவர் விலங்கு பூண்டதும் விரல் ரேகையாலேயே. ரேகை ஒன்றே, அதனைப் படித்தவர் கொண்ட எச்சரிக்கையே வேறு.